கேண்டில்கீப் முதல் நாஷ்கெல் வரை 23 நடுகல்

நாலு ராத்திரி, கிட்டத்தட்ட 11 மணி நேரம், 23 சாவு. பால்டர்ஸ் கேட் என்ற பழைய கணினி விளையாட்டில் முதல் விடுதியின் வாசற்படியை ஏறி முடிக்க எனக்கு ஆன செலவு இவ்வளவு. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். நான் விழுந்தது ஓநாய்க்கும் ஜிப்பர்லிங் என்ற குட்டி அரக்கனுக்கும், ஒருமுறை கிடங்கில் இருந்த எலிக்கும். எனக்குக் கல் நட ஆரம்பித்தால் அந்த விடுதிக்குப் போகிற சாலை ஓரம் முழுக்க வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரியில் இதைக் கேட்கவும் ஆள் இல்லை. செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற தம்பிகள் தெருவுக்குப் பத்துப் பேர், 1998-இல் வந்த விளையாட்டைத் தொட்டவர் ஒருவரும் கிடைக்கவில்லை. அடுத்து மாட்டப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். நாஷ்கெல் சுரங்கம் வரைக்கும்தான் சொல்லப் போகிறேன். அதைத் தாண்டிவிட்டால் விளையாட்டு உங்களைத் தானாகவே தாங்கிக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறோம் என்பது புரிந்த பிறகுதான் என் கோபம் இறங்கியது. கனடாவின் பயோவேர் நிறுவனம் இதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளின்மேல் கட்டியது. அந்த விதியில் முதல் லெவல் ஆள் என்றால் பச்சைக் குழந்தை. மந்திரவாதிக்கு 4 எச்.பி. (உயிர்ப் புள்ளி, தீர்ந்தால் சாவு), திருடனுக்கு 6, பூசாரிக்கு 8, போர்வீரனுக்கு 10. உடல் உறுதி நன்றாக இருந்தால் இதோடு இரண்டு மூன்று கூடும். ஒரு கோடரி வெட்டு 8 வரை எடுக்கும். அதாவது, எதிரி ஒரே ஒருமுறை சரியாக வீசிவிட்டால் மந்திரவாதி கதை முடிந்தது. நான் ஆரம்பித்தது மந்திரவாதியாக. கையில் ஒரே ஒரு மந்திரம், அதைப் போட்டுவிட்டால் தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. இதில் ஓநாய்க்குப் பின்னால் ஓடினேன் என்றால் என்னை என்ன சொல்வது. பிறகுதான் போர்வீரனுக்கு மாறினேன்.

அடி படுமா என்பதைத் தீர்மானிக்கும் தாக்கோ என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து விலகுகிறவர்கள் உண்டு. கணக்கு சின்னதுதான். உங்கள் தாக்கோ எண்ணிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழியுங்கள். வருகிற எண்ணோ அதற்கு மேலோ 20 முகப் பகடையில் விழுந்தால் அடி படும். முதல் லெவலில் எல்லாருக்கும் தாக்கோ 20. எதிரியின் கவசம் 5 என்றால் 15 விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 30 தடவைதான் அடி விழும். இரண்டு எண்ணிலும் குறைந்தால் நல்லது. கவசம் 10 என்றால் வெற்று மேனி, 1 என்றால் நல்ல இரும்புச் சட்டை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, எண் ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டுக் கவசத்தைக் கழற்றிப் போட்டவன் நான். இந்த ஒரு பத்தி அன்றைக்குத் தெரிந்திருந்தால் நடுகல்லில் பாதி குறைந்திருக்கும்.

ஆகவே ஆளை உருவாக்கும்போதே விதியை வளைக்கப் பாருங்கள். முதல்முறை ஆடுகிறவருக்கு என் சிபாரிசு எல்ஃப் இனத்துப் போர்வீரன், கையில் லாங்போ என்ற நீள வில். காரணம் உண்டு. எல்ஃபுக்குச் சுறுசுறுப்பு ஒன்று கூடுதலாக வந்து 19 வரை போகும், உடல் உறுதியில் ஒன்று குறையும். சுறுசுறுப்பு 19 என்றால் எறியும், எய்யும் ஆயுதத்துக்கு 3 கூடுதல், கவச எண்ணில் 4 குறைவு. லாங்போ பிடித்தாலே எல்ஃபுக்கு இன்னொரு 1. வில் பயிற்சியில் இரண்டு நட்சத்திரம் வைத்தால் மேலும் கொஞ்சம். மேலே சொன்ன 15 விழ வேண்டிய இடத்தில் இப்போது 10 விழுந்தாலே போதும். அதற்கும் மேலாக வில்லில் ஒரு சுற்றுக்கு 2 அம்பு போகும், வாளில் ஒரு வீச்சுதான். ஒரு சுற்று என்பது 6 விநாடி. எதிரி உங்களை நெருங்குவதற்குள் நாலு அம்பு வாங்கியிருப்பான். தூக்க மந்திரம் எல்ஃபை நூற்றுக்கு 90 தடவை தொடாது என்பது உபரி லாபம்.

பண்பு எண்களுக்குப் பகடை உருட்டும் திரையில் கூச்சமே வேண்டாம். மொத்தம் 75 வந்ததும் போதும் என்று நான் நகர்ந்துவிட்டேன். பத்து நிமிடம் உட்கார்ந்து உருட்டினால் 85-க்கு மேல் வரும். ஒரு நல்ல எண் வந்ததும் அதைச் சேமித்து வைக்கப் பொத்தான் இருக்கிறது, அழுத்திவிட்டு மேலே உருட்டலாம். போர்வீரனுக்கு அறிவையும் ஞானத்தையும் குறைத்து வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி மூன்றிலும் கொட்டுங்கள். ராகிக் களி கிண்டுகிறபோது முதலிலேயே கட்டி தட்டவிட்டால் பிறகு எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரையாது. இந்தத் திரையும் அப்படித்தான், பிற்பாடு திருத்த வழியில்லை. கஷ்ட அளவை என்ஹான்ஸ்ட் எடிஷனில் சாதாரணத்தில் வையுங்கள். 2012-இல் வந்த இந்தப் பதிப்புதான் இப்போது எளிதாகக் கிடைப்பது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். அந்த அளவில் ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் எச்.பி. முழுசாகக் கிடைக்கும், சுருளிலிருந்து மந்திரம் எழுதும்போதும் தோற்காது. வீம்புக்கு அதைவிடக் கடினமான கோர் ரூல்ஸ் அளவில் வைத்து, அருமையான ஒரு சுருள் கையிலேயே எரிந்துபோனதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

விளையாட்டு கேண்டில்கீப் என்ற மதில் சூழ்ந்த நூலக ஊரில் தொடங்கும். வளர்ப்புத் தந்தை காரியன் சீக்கிரம் கிளம்பு, சீக்கிரம் கிளம்பு என்பார். முதல் தடவை நான் சொல் பேச்சு கேட்ட பிள்ளையாக உடனே கிளம்பினேன். கிளம்பக் கூடாது. அவர் அவசரப்படுவாரே தவிர காத்திருப்பார். ஊரைச் சுற்றி எடுபிடி வேலை கிடக்கிறது. ரீவரின் கிடங்கில் எலி பிடிக்க வேண்டும். காவலன் ஹல் தன் பெட்டியில் மறந்துவிட்ட வாளைக் கேட்பான். அதே பெட்டியில் இருக்கும் விஷமுறிவு மருந்தை டிரெப்பினின் மாட்டுக்குக் கொடுக்கலாம். அந்த மாட்டுக்குப் பக்கத்து வைக்கோலில்தான் ஃபிலிடியா தொலைத்த புத்தகம் இருக்கும். சில்லறைக் காசும், லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளியான எக்ஸ்.பி. கொஞ்சமும்தான், ஆனால் வெளியே போய்விட்டால் திரும்பி உள்ளே வர முடியாது, விலைமதிப்புள்ள நூல் ஒன்றைக் கொண்டுவந்தால்தான் கதவு திறக்கும். ஊருக்குள்ளேயே உங்களைக் கொல்ல இரண்டு பேர் ஆளுக்கொரு கட்டிடத்தில் காத்திருக்கிறார்கள். அதனால் எந்த வீட்டுக்குள் தலையை நீட்டும் முன்பும் வின்த்ராப் விடுதிக்குப் போய் ஆயுதம் வாங்கிவிடுங்கள்.

கையில் இருக்கும் பொற்காசை எதில் போடுவது என்பதில்தான் எனக்குப் பெரிய நஷ்டம். பளபளவென்று ஒரு நீளவாளும் கேடயமும் வாங்கினேன், காசு தீர்ந்தது. மூன்றாவது சண்டையில் வாள் இரண்டாக உடைந்தது. விளையாட்டின் கதையே அந்த நாட்டில் இரும்பு கெட்டுப்போகிறது என்பதுதான், மந்திரம் ஏறாத இரும்பு ஆயுதம் எப்போது வேண்டுமானாலும் கையில் முறியும். வெறுங்கையோடு ஹாப்காப்ளினைக் குத்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வாங்க வேண்டிய வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வில், கையில் கொள்ளும் மட்டும் அம்பு, பிறகு தலைக்கவசம், மீதி இருந்தால் உடலுக்கு ஏதாவது, கடைசியில் விலை மலிவான ஒரு வாளும் மாற்றுக்கு இன்னொன்றும். தலைக்கவசம் கவச எண்ணைக் குறைக்காது, அதனால் தண்டம் என்று தோன்றும். பகடையில் 20 விழுந்தால் அடி இரட்டிக்கும், தலைக்கவசம் போட்டவருக்கு மட்டும் இரட்டிக்காது. பத்து எச்.பி. வைத்திருப்பவனுக்கு அதைவிடப் பெரிய காப்பு வேறில்லை.

கதவைத் தாண்டும் முன் அமைப்புகளில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஸ்பேஸ் பார் அழுத்தினால் விளையாட்டு நின்றுவிடும், நின்றபடியே எல்லாருக்கும் கட்டளை கொடுக்கலாம். இது தெரியாமல் யாரும் ஆடுவதில்லை. தெரிந்தும் அழுத்தாமல் ஆடுகிறவர்கள் நிறைய. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று லாரியை நியூட்ரலில் விடுகிறவரும் அப்படித்தான், பிரேக் தெரியாதவர் இல்லை. தானாக நிற்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. அதில் எதிரி கண்ணில் பட்டால், ஆயுதம் உபயோகமற்றுப் போனால், ஆள் காயப்பட்டால் என்ற மூன்றையும் கட்டாயம் போட்டுவிடுங்கள். இரண்டாவதுதான் என் வெறுங்கைச் சண்டையைக் காப்பாற்றியிருக்கும். அதோடு கூட்டாளிகள் தாமாகச் சண்டையிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் 4 எச்.பி. மந்திரவாதி குறுவாளைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடுவார். கியூ அழுத்தினால் உடனடிச் சேமிப்பு. ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், சண்டை நடுவில் கைதவறி அழுத்திச் சாகும் தறுவாயைச் சேமித்துவிட்டால் அந்தக் கோப்பு குப்பை. ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பெயரில் ஒன்று வையுங்கள்.

காரியனோடு வெளியேறியதும் அன்று இரவே அவரை இழப்பீர்கள். அது கதை, உங்கள் தவறில்லை. நான் மூன்று தடவை திரும்ப ஏற்றி அவரைக் காப்பாற்றப் பார்த்தேன், வீண். விடிந்ததும் இமோயன் வந்து சேர்வாள். திருடி. அவள் பையில் மாய அம்பு வீசும் கோல் ஒன்று இருக்கும். அதை வழியில் வரும் கரடி, ஓநாய்மேல் வீணடிக்காதீர்கள். அதன் வீச்சு எண்ணிக்கைக்குக் கணக்குண்டு, தீர்ந்தால் கோலே மறைந்துவிடும். இமோயனுக்கு வில் இருக்கிறது, அவளைப் பின்னால் நிறுத்துங்கள். லெவல் ஏறும்போது அவளுக்குக் கிடைக்கும் புள்ளிகளைப் பொறி கண்டுபிடிக்கும் திறனில் பெரும்பாலும் போடுங்கள், சுரங்கத்தில் கைகொடுக்கும்.

இந்த இடத்தில்தான் என் ராத்திரிகள் போயின. வரைபடம் முழுக்க இருட்டாக இருக்கிறதே, வெளிச்சமாக்கலாம் என்று சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போனேன். முதல் லெவலில் காடு உங்களுக்கில்லை. சாலையிலேயே கிழக்கே நடங்கள். வழியில் ஸார், மாண்டரான் என்று இருவர் சேர்ந்துகொள்ளக் கேட்பார்கள். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருட்டும் தெரிந்த போராளி. பேச்சிலேயே விஷம் சொட்டும், பார்த்தாலே நல்லவர்கள் இல்லை என்று தெரியும். ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒழுக்கம் பார்த்து நான் வேண்டாம் என்றேன், விடுதி வாசலில் அதற்கு வட்டியோடு கட்டினேன். நாலு பேர் நிற்பதற்கும் இரண்டு பேர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் ஐந்து மணி நேரம். பிற்பாடு நீங்கள் சேர்க்கப்போகும் காலித், ஜஹீரா தம்பதிக்கும் இவர்களுக்கும் ஒத்துவராது, விட்டு வைத்தால் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொள்வார்கள். அதற்கு முன் நல்லபடியாக வழியனுப்பிவிடலாம், அவர்கள் கையில் நீங்கள் கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு.

சாலைச் சந்திப்பிலிருந்து வடக்கே ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதி. பெயர்தான் நட்பு. கோட்டை மதிலுக்குள் நுழைந்து விடுதிப் படிக்கட்டை நெருங்கியதும் தார்னெஷ் என்ற மந்திரவாதி ஓடி வந்து பேச்சுக் கொடுப்பான். நீங்கள் யார் என்று எப்படிச் சொன்னாலும், பொய்யே சொன்னாலும், பேச்சு முடிந்ததும் அடிப்பான். என் 23-இல் 9 இவன் கணக்கு. அவன் என்ன செய்கிறான் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. தன்னைப்போலவே பிம்பங்களை உண்டாக்கிக்கொள்வான், உங்கள் அம்பு பிம்பத்தில் போய் விழும். பீதி மந்திரம் போடுவான், உங்கள் ஆட்கள் சொன்ன பேச்சு கேட்காமல் திக்குக்கொன்றாகச் சிதறி ஓடுவார்கள். பிறகு மாய அம்பு, அது குறி தவறாது. 6 எச்.பி. வைத்திருப்பவர் அப்படியே சாய்வார்.

அவனுக்கு ஒரே பலவீனம், மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சின்னக் கீறல் பட்டாலும் அந்த மந்திரம் கலைந்துபோகும். விளையாட்டில் எல்லா மந்திரவாதிகளுக்கும் இது பொருந்தும், உங்கள் ஆளுக்கும்தான். எனவே படியை நெருங்கும் முன்பே கட்டளைகளைத் தயார் செய்யுங்கள். நெருங்குவதற்கு முன் சேமியுங்கள். கூட்டத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி நிறுத்துங்கள். இமோயன் கையில் கோல் இருக்கட்டும், மற்ற எல்லார் கையிலும் வில்லோ கவணோ இருக்கட்டும். பேச்சு முடிந்த நொடியில் நிறுத்தி, எல்லாரையும் அவன்மேலேயே ஏவுங்கள், இமோயன் கோலை வீசட்டும். அது பகடை பார்க்காமல் போய்ப் படும். பிம்பம் எழும்பிவிட்டால் வெட்டுகிற ஒவ்வொரு அடியும் ஒரு பிம்பத்தைக் கரைக்கும், ஆகவே அப்போது கனமான ஒரு அடியைவிட எண்ணிக்கையில் அதிகமான அடிகளே தேவை. மதிலுக்குள் நிற்கும் காவலர்களும் உங்கள் பக்கம் கை நீட்டுவார்கள், அவர்கள் நிற்கும் பக்கமாக அவனை இழுத்து வந்தால் வேலை சுலபம். முக்கிய ஆள் பீதியில் ஓடினால் பதற வேண்டாம், ஓடுகிறவன் சாவதில்லை, மற்றவர்கள் அடிக்கட்டும். செத்தபின் அவன் உடலைத் தேடினால் உங்கள் தலைக்கு விலை வைத்த ஓலை கிடைக்கும். 200 பொன். ஒன்பது தடவை என்னைக் கொன்றவனுக்கு என் விலை அவ்வளவுதானா என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் உருவாக்கிய ஆள் செத்தால் ஆட்டம் முடிந்தது. கூட்டாளி செத்தால் கோயிலில் காசு கட்டி எழுப்பலாம், அவர் சுமந்த பொருளெல்லாம் தரையில் கிடக்கும், பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் மிக பலமான அடியில் உடல் சிதறிப்போனால் எழுப்ப முடியாது. அதனால் முன்வரிசையில் உங்கள் கதாநாயகனை நிறுத்தி வீரம் காட்டாதீர்கள். விடுதிக்கு உள்ளே காத்திருக்கும் காலித்தும் ஜஹீராவும் முன்னால் நிற்கட்டும். நல்ல கவசம் கிடைத்தால் முதலில் காலித்துக்கு. ஜஹீரா போர்வீரத்தோடு ட்ரூயிட் என்ற வனப் பூசாரி வித்தையும் கற்றவள், காயம் ஆற்றும் மந்திரம் ஒன்றுக்கு 8 எச்.பி. திரும்பும். விடுதியில் தூங்கினால் மலிவான அறையில் 1, ராஜ அறையில் 4 எச்.பி.தான் ஏறும். அதனால் அறை வாடகையில் காசை விடுவதைவிட, மலிவு அறையில் படுத்து எழுந்து ஜஹீராவின் மந்திரத்தைப் போட்டு மறுபடி படுப்பது லாபம். காட்டில் தூங்கினால் நடுராத்திரியில் எழுப்ப ஆள் வரும்.

இனி சண்டை எப்படி என்பதைப் பார்ப்போம். ராகிக் கொல்லைக்குள் யானை இறங்கினால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாரும் தனியாக டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. கூட்டமாக, தூரத்தில் நின்று, ஒரு பக்கம் வழி விட்டுத்தான் விரட்டுவார்கள். இங்கும் அதே புத்தி. ஒருவரை மட்டும் முன்னால் அனுப்பி, இருட்டு விலகி எதிரி தெரிந்ததும் நிறுத்தி, அவரைத் திரும்பி ஓடி வரச் செய்யுங்கள். பின்தொடர்ந்து வருகிறவன் ஒவ்வொருவனாக உங்கள் ஐந்து வில்லுக்கு முன் வந்து விழுவான். ஓகர் போன்ற பெரிய உருவம் ஒரே அடியில் கொன்றுவிடும், ஆனால் அதனால் உங்களைவிட வேகமாக ஓட முடியாது. யாரைத் துரத்துகிறதோ அவர் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கட்டும், மற்றவர்கள் எய்துகொண்டே இருக்கட்டும். அசிங்கமாகத்தான் இருக்கும். வேலை நடக்கும். எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் வில்லோடு நிற்காதீர்கள், அப்போது உங்களை அடிப்பது அவனுக்கு எளிது. வாளுக்கு மாறுங்கள் அல்லது விலகுங்கள்.

முதல் லெவலில் மந்திரம் என்றால் ஸ்லீப் என்ற தூக்க மந்திரம் ஒன்றுதான். மாய அம்பு கவர்ச்சியாக இருக்கும், நானும் அதைத்தான் எடுத்தேன். தவறு. மாய அம்பு ஒருவனைக் காயப்படுத்தும், ஸ்லீப் ஒரு கூட்டத்தையே சாய்க்கும். தூங்குகிறவனைத் தாக்கினால் அடி தவறவே தவறாது, பகடை பார்க்க வேண்டியதில்லை. ஜிப்பர்லிங், கோபால்ட், ஹாப்காப்ளின், நால் என்று ஆரம்பத்தில் எதிர்ப்படும் கூட்டத்தில் பெரும்பகுதி இதில் விழும். செத்துப்போய் எழுந்த எலும்புக்கூடு, ஸாம்பி வகைகள் தூங்காது. லெவல் கூடிய எதிரிகளும் தூங்கமாட்டார்கள். அதனால் இதன் ஆயுசு ஆரம்ப அத்தியாயங்களோடு சரி. போடுகிற இடத்தில் உங்கள் ஆட்கள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரி நெருங்கும் முன் தூரத்திலேயே போட வேண்டும் என்பதால், முன்னால் போனவர் திரும்பி ஓடி வரும் நேரத்தோடு கணக்குப் பண்ணிப் போடுங்கள்.

தெற்கே பெரிகாஸ்ட் ஊர். லெவல் ஏறப் போர்வீரனுக்கு 2,000 எக்ஸ்.பி., திருடனுக்கு 1,250, மந்திரவாதிக்கு 2,500. கிடைப்பதெல்லாம் கூட்டத்தில் உள்ளவர்களுக்குப் பங்கு பிரியும், ஆறு பேர் என்றால் ஆறில் ஒன்று. ஆகவே ரத்தம் சிந்தாத எக்ஸ்.பி.யை முதலில் பொறுக்குங்கள். ஃபெல்டெபோஸ்ட் விடுதியில் மார்ல் என்பவன் குடித்துவிட்டு வம்புக்கு வருவான். மகனை இழந்த துக்கத்தில் இருப்பவன். கோபப்படாமல் தணிவாகவே பதில் சொல்லி வந்தால் கத்தி எடுக்காமலேயே 900 எக்ஸ்.பி. கிடைக்கும். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது, விளையாட்டில் முதல்முறையாக வாயால் ஜெயித்தேன். ஆனால் இந்த ஊரில் கண்ட வீட்டுக் கதவையெல்லாம் தட்டாதீர்கள். ஒரு வீட்டில் ராட்சதச் சிலந்திகள் குடியிருக்கின்றன, விஷம் ஏறினால் முதல் லெவலில் யாரும் பிழைப்பதில்லை. ரெட் ஷீஃப் விடுதியில் இன்னொரு கூலிக்கொலைகாரன், கோடரிக் குள்ளன். விடுதி வாசல் என்றாலே சேமிப்பு என்று விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

அடையாளம் தெரியாத பொருளை உடனே மாட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஓகர் ஒன்று இரண்டு இடுப்புக் கச்சை வைத்திருக்கும். கிடைத்ததே என்று ஒன்றைக் கட்டினேன், என் வீரன் பெண்ணாகிவிட்டான். கழற்றவும் முடியாது, சாபம் நீக்கக் கோயிலுக்குப் போக வேண்டும். ஆட்டத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, சிரித்துக்கொண்டு மேலே போனேன், ஆனால் எல்லாச் சாபமும் இப்படிச் சிரிக்க வைக்காது. கடையில் கொடுத்து அடையாளம் பார்த்த பிறகே மாட்டுங்கள். எக்ஸ்.பி. ஆசைக்காரர்களுக்கு ஒரு தகவல்: பெரிகாஸ்ட் கோயிலுக்கும் கிழக்கே முட்டாமினின் தோட்டத்தில் பார்வையாலேயே கல்லாக்கும் பேசிலிஸ்குகள் திரிகின்றன. சிறியதுக்கு 1,400, பெரியதுக்கு 7,000. கல்லாகாமல் காக்கும் மந்திரம் முதல் லெவல் மந்திரம்தான். அதன் நேரம் முடிவதற்குள் வேலையை முடித்து வெளியே வரத் தெரிந்தால் போங்கள். தெரியாமல் போனால் நிஜமாகவே நடுகல்தான்.

நாஷ்கெல் இன்னும் தெற்கே. ஊருக்குள் நுழைந்ததும் விடுதிப் பக்கம் போகாமல் வயல்வெளியைத் தேடுங்கள். அங்கே ஓரிடத்தில் ஆங்கெக் என்ற பூச்சியின் ஓட்டில் செய்த கவசம் புதைந்திருக்கும், மவுஸை மெதுவாக நகர்த்தித் தடவினால் சிக்கும். கவச எண் 1, எடையும் குறைவு. பணம் கொடுத்து வாங்க நினைத்தால் இந்தக் கட்டத்தில் கனவு. காலித்துக்கு அதைப் போட்டதும் அவன்மேல் விழும் அடி பாதியாகக் குறைந்தது. விடுதிக்குள் ஒரு பெண் பூசாரி உங்கள் தலைக்காகக் காத்திருக்கிறாள், அவளுக்கும் தார்னெஷ் வைத்தியமே போதும்: மந்திரம் முடியும் முன் கீறிவிடு. மின்ஸ்க் என்ற ஆஜானுபாகு ஊருக்குள் நிற்பான், சேர்த்துக்கொள்ளுங்கள். தன் தோழி டைனஹெய்ரை மீட்கச் சொல்லிக் கேட்பான், ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் பொறுமை இழப்பான்.

சுரங்கத்துக்குள் கோபால்டுகள். சின்னப் பிராணி, ஒவ்வொன்றாக வந்தால் கால் தூசு. கூட்டமாக வரும், அதில் கமாண்டோ வகை நெருப்பு அம்பு எய்யும். தூரத்தில் நின்று வில் சண்டை என்று நான் சொன்ன யோசனை இங்கே அவர்களுக்கும் தெரியும். கமாண்டோ கண்ணில் பட்டால் எல்லா வில்லும் முதலில் அவன்மேல் போகட்டும், ஸ்லீப் இருந்தால் இதுதான் சமயம். விழுந்தவன் பையில் மிச்சமிருக்கும் நெருப்பு அம்பை எடுத்து வையுங்கள், கீழே வேண்டும். குறுகிய வழிகளில் ஒருவர்பின் ஒருவராக நடக்கும் வரிசையைத் தேர்ந்து, இமோயனை முதலில் விட்டுப் பொறி தேடச் செய்து, ஒவ்வொரு வளைவிலும் நிற்கவிட்டு நகருங்கள். அவசரமாக ஓடி இரண்டு பொறியில் மூன்று பேரை இழந்து அரை மணி நேரத்தைத் திரும்பச் செய்தேன். வெளியிலிருந்து அம்பு போதுமான அளவு வாங்கி வந்திருக்க வேண்டும், நடுவில் கடை கிடையாது.

அடிமட்டத்தில் முலாஹே என்ற, பாதி மனிதனும் பாதி ஆர்க் இனத்தவனுமான பூசாரி. கொஞ்சம் அடி வாங்கியதும் சரணடைகிறேன் என்று கெஞ்சுவான். இரங்காதீர்கள். பேசிக்கொண்டே கோபால்டுகளையும் எலும்புக்கூடுகளையும் கூப்பிடுவான். எலும்புக்கூட்டில் அம்பு சரியாகப் பதியாது, தடி, கதை போன்ற மழுங்கிய ஆயுதம் வைத்திருப்பவரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, சேமித்து வைத்த நெருப்பு அம்பு முழுவதையும் முலாஹேமேலேயே கொட்டுங்கள். நெருப்பின் சூட்டில் அவன் மந்திரம் ஒன்றும் முடியாது. அவன் வீழ்ந்தபின் அறையில் உள்ள பெட்டியிலும் உடலிலும் தேடி, கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து எங்கே போவது என்பது அதில்தான் இருக்கிறது.

வெளியே வந்ததும் காயத்தோடும் காலி அம்பறாத்தூணியோடும் நாஷ்கெல் விடுதிக்குப் படுக்கப் போவீர்கள். வாசலிலேயே நிம்புல் என்று ஒருவன் நிற்பான், தார்னெஷைவிடத் தேர்ந்தவன். சுரங்க வாசலிலேயே படுத்து மந்திரங்களை நிரப்பிக்கொண்டு, ஊர் எல்லையில் சேமித்துவிட்டு, அப்புறம் போங்கள்.